பரணை விட்டுக்கொடுத்தவன்

“நான்தான் கொன்னேன்.”

எல்னா போலீஸிடம் இப்படிச் சொல்லி மூன்று நாளாகிறது. அதற்கப்புறம் அவள் வாயைத் திறக்கவே இல்லை. இன்ஸ்பெக்டர் கேட்டார், வக்கீல் கேட்டார், சர்ச் பாதிரியார்கூட வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தார். ஊஹூம். நாளை வெள்ளிக்கிழமை நண்பகலில் கோர்ட் கூடுகிறது. புருஷனை விஷம் வைத்துக் கொன்றவள் என்று அவளை உள்ளே தள்ளுவதா, வெளியே விடுவதா என்பது அங்கே முடிவாகிவிடும்.

அதற்குள் என் முதலாளி, துப்பறிவாளர் வெண்டெலா ராஸ்க், கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கொல்லாத ஒருத்தி, கொன்றேன் என்று ஏன் சொல்ல வேண்டும்?

“நிஜமாவே கொன்னிருந்தா?” என்று காரை ஓட்டிக்கொண்டே கேட்டேன்.

“அப்ப நமக்கு வேலை சீக்கிரம் முடிஞ்சுது. நேராப் பார்த்து ஓட்டு. மூஸ் மான் குறுக்க வரும்.”

“இந்த வாரம் வராது. அதுங்களுக்கும் வேட்டைத் தேதி தெரியும்.”

வெண்டெலா சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. எதையாவது பேசிக்கொண்டிருந்தால் திங்கட்கிழமையை நினைக்காமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மூஸ் வேட்டையின் முதல் நாள். செப்டம்பரில் அந்த ஒரு வாரம் மீர்நெஸ் கிராமத்தில் பள்ளிக்கூட வாத்தியார், தபால்காரர், பல் டாக்டர் எல்லோருமே காட்டுக்குள் இருப்பார்கள். எகில் நோர்பெக், நாற்பத்தாறு வயது, சதுப்பு ஓரத்து மரக்கட்டை ஒன்றில் துப்பாக்கியோடு உட்கார்ந்தவன், உட்கார்ந்தபடியே போய்விட்டான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. மடியில் சுடாத துப்பாக்கி. பக்கத்தில் பாதி குடித்த காபி பிளாஸ்க். காபி போட்டுக் கொடுத்து அனுப்பியவள் மனைவி எல்னா.

மிச்சத்தை ஊரே ஜோடித்துவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? எல்னா தெற்கத்திக்காரி. ஆகஸ்ட் பிறந்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு காளான் பொறுக்கப் போவாள். பொறுக்கி, சமைத்து, தின்னவும் செய்வாள். எங்கள் பக்கத்தில் காளான் என்பது பசுமாடு தின்கிற சமாச்சாரம். போலீஸ் அவள் வீட்டு அலமாரியிலிருந்து இருபத்திரண்டு ஜாடிகளை அள்ளிக்கொண்டு போனது. சோதனைச்சாலைப் பதில் வர இன்னும் பத்து நாளாகும்.

நான் இங்வே. வெண்டெலாவுக்கு உதவியாளன், டிரைவர், தேவைப்பட்டால் கோமாளி. செப்டம்பரில் மட்டும் மீர்நெஸ் வேட்டைக் குழுவில் ஒருவன். எகில் செத்தபோது அவனிடமிருந்து நானூறு மீட்டர் தள்ளி, காட்டிலேயே நல்ல இடமான பரண்மேல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பரண் எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை வெண்டெலாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல நா எழவில்லை.

*

எங்களைக் கூப்பிட்டவள் செத்தவனின் அக்கா தெக்லா. ஐம்பத்திரண்டு வயது, சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவள். வாசலில் ஷூவைக் கழற்றியதும் என் காலுறையிலிருந்து கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. தெக்லா அதைக் கவனித்தாளா தெரியவில்லை. வீட்டுக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள்.

காபி வந்தது. ஏலக்காய் பன் வந்தது. அப்புறம்தான் பேச்சு.

“எல்னா கொல்லல,” என்றாள் தெக்லா.

“எப்படித் தெரியும்?” வெண்டெலா பன்மேல் இருந்த சர்க்கரை மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள். யோசிக்கும்போது அவளுக்கு அது வழக்கம்.

“தெரியும்.”

“அவளே கொன்னேன்னு சொல்றா.”

“சொல்லட்டும். அவ இல்ல.”

“நீ எல்னாகிட்ட கடைசியா எப்ப பேசினே?”

தெக்லா கோப்பையைச் சுற்றினாள். “அப்பாவோட காட்டைப் பங்கு போட்டப்ப. பதினொரு வருஷம் ஆச்சு.”

“எகில்கிட்ட?”

“அப்பத்தான்.”

“இன்னொரு தம்பி சிக்ஸ்டன்கிட்ட?”

தெக்லா உதட்டைக் குவித்து ஒரு மூச்சை உள்ளே இழுத்தாள். எங்கள் பக்கத்தில் அதற்கு ‘ஆமாம், அதேதான்’ என்று அர்த்தம். வார்த்தையை மிச்சம் பிடிக்கிற ஊர்.

“பதினொரு வருஷமா பேசாத தம்பி பொண்டாட்டி மேல இவ்வளவு நம்பிக்கையா!” என்றேன் நான். “என் பொண்டாட்டி தினமும்தான் என்கிட்ட பேசறா. ஒரு துளி நம்பறதில்ல.”

வெண்டெலா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். ஓட்டைக் காலுறையில் அது நன்றாகவே வலித்தது.

“ஊர்ல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா?” என்று அவள் தெக்லாவிடம் கேட்டாள். “நோர்பெக் வீட்டுப் பிள்ளைங்க மூணு பேர். அக்காவுக்குக் கண்ணு போச்சு, நடுவுலவனுக்கு நெஞ்சு போச்சு, இப்ப சின்னவனுக்கு உசிரே போச்சு. மூணு பேருக்கும் எல்னாதான் கொஞ்சம் கொஞ்சமா விஷம் குடுத்திருக்கான்னு.”

தெக்லா கோப்பையை வைத்த வேகத்தில் காபி சிந்தியது. “பைத்தியக்காரத்தனம்.”

“அதேதான். விஷம் வைக்கணும்னா எல்லாரும் ஒரு மேசையில சாப்பிடணும். நீங்க மூணு பேரும் ஒரு மேசையில உட்கார்ந்தே பதினொரு வருஷம்.” வெண்டெலா கடைசிச் சர்க்கரையை எடுத்தாள். “ஒரு மேசையில உட்காராதவங்களுக்குப் பொதுவா வேற என்ன இருக்கும்னுதான் நான் யோசிச்சுட்டு இருக்கேன்.”

தெக்லா எழுந்து போய் ஒரு மாத்திரை அட்டையை எடுத்து வந்தாள். மூன்று சின்ன வெள்ளை மாத்திரை. வாயில் போட்டு ஆறின காபியை விழுங்கினாள். “கண்ணுக்கு,” என்றாள், நாங்கள் கேட்காமலே.

காரில் ஏறியதும் வெண்டெலா சொன்னாள்: “அவ எல்னாவை நம்பல.”

“என்னது? அவ்வளவு அடிச்சுச் சொல்றா!”

“நம்பறவங்க ‘அவ அப்படிப்பட்டவ இல்ல’ன்னு சொல்வாங்க. இவ ‘தெரியும்’னு சொல்றா. உண்மையில யார் பண்ணினதுன்னு தெரிஞ்சவதான் இப்படி அடிச்சுச் சொல்ல முடியும்.”

“அப்ப தெக்லாவே...?”

“வேட்டைக் குடிசைக்கு ஓட்டு.”

வண்டியை வேண்டுமென்றே மெதுவாக எடுத்தேன். யார் எங்கே உட்கார வேண்டும் என்று எழுதிய நோட்டு குடிசையில்தான் இருக்கிறது.

*

குடிசையில் ஆறேழு பேர் துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்தார்கள். செத்தவனுக்காக மூன்று நாள் வேட்டையை நிறுத்தியிருந்தோம். நாளை மறுபடி ஆரம்பம். அடுப்பில் காபி கொதித்தது. மூலையில் சிக்ஸ்டன், மரம் அறுக்கும் ஆலைக்காரன், இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“டேய் சிக்ஸ்டன், நீ இப்படி இருமினா மூஸெல்லாம் நார்வேக்கே ஓடிரும்டா,” என்றேன்.

“உன் மூஞ்சியப் பார்த்தா அதுக்கு முன்னாடியே ஓடிரும்,” என்றான். பிறகு வெண்டெலாவைப் பார்த்துக் குரலை உயர்த்தினான். “என்ன விசாரணை வேண்டிக்கிடக்கு? அவளே ஒத்துக்கிட்டா. காளான் திங்கிறவ! என் தம்பியை வண்டிகூட ஓட்ட விடமாட்டா. ரெண்டு வருஷமா அவதான் ஓட்டுவா, இவன் பக்கத்துல பொம்மை மாதிரி உட்கார்ந்து வருவான். அப்பவே எனக்குத் தெரியும்.”

“ரெண்டு வருஷமாவா?” என்றாள் வெண்டெலா. அதற்குமேல் கேட்கவில்லை. சுவரில் ஆணியில் தொங்கிய நோட்டை எடுத்தாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தினமும் காலையில் எண் எழுதிய மரத்துண்டுகளைத் தொப்பிக்குள் போட்டுக் குலுக்குவோம். யாருக்கு எந்த எண்ணோ அந்த இடத்தில் உட்கார வேண்டும். குழுத் தலைவர் அதை நோட்டில் எழுதி வைப்பார்.

“இங்வே.”

“என்ன?”

“திங்கட்கிழமை நீ பரண்ல இருந்தேன்னு சொன்னே.”

“ஆமா.”

“இதுல பரண்னு எகில் பேருக்கு நேரா எழுதியிருக்கு. உன் பேருக்கு மரக்கட்டை.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “மாத்திக்கிட்டோம். அவன்தான் கேட்டான். கட்டையிலயே உட்கார்ந்துக்கறேன், நீ பரணுக்குப் போன்னான்.”

“போன வருஷம்?” பக்கத்தைப் புரட்டினாள். “எகில், பரண். மறுபடியும் எகில், பரண்.”

“போன வருஷமும் மாத்திக்கிட்டோம். ரெண்டு தடவை.”

“அந்த ரெண்டு தடவையும் பரண்ல இருந்து என்ன பண்ணினே?”

“ரெண்டு மூஸ் சுட்டேன்.”

குடிசையில் யாரோ கனைத்தார்கள். லாட்டரியில் விழுந்த சீட்டை ஒருத்தன் மூன்று முறை தூக்கி அடுத்தவனிடம் கொடுக்கிறான், அடுத்தவன் ‘தேங்க்ஸ்’ சொல்லி வாங்கிக்கொண்டு போகிறான். அந்த அடுத்தவன் நான்.

“ஏன்னு கேக்கலையா?”

“இல்ல.”

“பன்னிரண்டு வருஷமா துப்பறியற ஆபீஸ்ல சம்பளம் வாங்கறே.”

“அன்னைக்கு நான் லீவ்,” என்றேன். சொன்னபோதே அசிங்கமாக இருந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

வெண்டெலா கேட்டாள்: “பரணுக்கு ஏணி எத்தனை உயரம்?”

“நாலு மீட்டர்.”

“வண்டி ஓட்டறதை விட்டுட்டான். ஏணி ஏறறதை விட்டுட்டான். எதுக்குப் பயந்திருக்கான்?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. “விழுந்துடுவோம்னு.”

“மயங்கி விழுந்துடுவோம்னு.”

சிக்ஸ்டனுக்கு இருமல் வலுத்தது. சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துப் பிதுக்கினான். சின்ன வெள்ளை மாத்திரை. வெண்டெலா அவன் கையிலிருந்த அட்டையை எட்டிப் பார்த்தாள்.

“கண்ணுக்கா?”

“கண்ணுக்கா? நல்ல கதை. நெஞ்சுக்கு. ஆலைத் தூசி.”

“உங்க அக்கா இதே மாத்திரையைக் கண்ணுக்குச் சாப்பிடறா.”

சிக்ஸ்டனின் முகம் வெளுத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். “அக்காவா?” என்றான். பதினொரு வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. அட்டையைப் பையில் திணித்துக்கொண்டு வெளியே போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் விறகு பிளக்கிற சத்தம் கேட்டது. அடுப்படியில் ஏற்கெனவே ஒரு மாதத்துக்கு விறகு அடுக்கியிருந்தது.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவனுக்கு மட்டுமா? எனக்கும்தான் குறுகுறுத்தது.

*

வக்கீல் கொடுத்த சாவியால் எல்னாவின் வீட்டைத் திறந்தோம். போலீஸ் கலைத்துப் போட்டதெல்லாம் அப்படியே கிடந்தது. ஜாடி இருந்த அலமாரி காலி. அவர்கள் தொடாத ஒன்று அடுக்களைச் சுவரில் தொங்கியது: வீட்டுக் காலண்டர்.

“ஜாடியை எல்லாம் தூக்கிட்டுப் போனவங்க இதைப் பார்க்கலையே,” என்றேன்.

“காலண்டர்ல விஷம் கலக்க முடியாதே,” என்றாள் வெண்டெலா. பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டினாள். “இங்க பாரு. பென்சில் பெருக்கல் குறி.”

பிப்ரவரியில் ஒன்று. ஏப்ரல் பதினொன்றில் ஒன்று. ஜூனில் ஒன்று. கடைசியாக, வேட்டைக்கு இரண்டு நாள் முந்தி, சனிக்கிழமையில் ஒன்று.

“ஏப்ரல் பதினாலைப் பாரு,” என்றாள்.

எல்னாவின் பொடி எழுத்து. ‘டாக்டர். எகிலோடு நானும்.’ அதன் கீழே வேறு மையில்: ‘எல்லாம் சரி.’

“பதினொண்ணாம் தேதி புருஷன் மயங்கி விழறான். மூணாம் நாள் ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட போறாங்க. ‘எல்லாம் சரி’ன்னு எழுதிவைக்கிறா. எப்படி சரி? என்ன சொல்லியிருப்பாங்க அங்க?”

இதற்கு விடை வெண்டெலாவுக்குத் தெரியாது. அவள் நகரத்துக்காரி, துப்பாக்கி பிடித்ததில்லை. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, கதவு வழியே ஹாலில் நின்றிருந்த இரும்பு அலமாரியைப் பார்த்தேன். எகிலின் துப்பாக்கி அலமாரி.

“மயக்கம் வருதான்னு டாக்டர் கேட்டிருப்பார்,” என்றேன். “இல்லன்னு சொல்லியிருப்பாங்க. வருதுன்னு சொன்னா டாக்டர் போலீஸுக்கு எழுதியாகணும். எழுதினா லைசென்ஸ் போச்சு, துப்பாக்கி போச்சு. எங்க குழுவுல எவனுக்கும் மயக்கம் வராது வெண்டெலா. எவனுக்கும் கண்ணு மங்காது. செப்டம்பர் முடியற வரைக்கும் நாங்க எல்லாருமே இருபது வயசு.”

“எகில் பொய் சொன்னான். பக்கத்துல உட்கார்ந்து எல்னா தலையாட்டினா.”

“கெஞ்சியிருப்பான். இந்த ஒரு வேட்டை மட்டும், அப்புறம் சொல்லிடறேன்னு. நானா இருந்தாலும் கெஞ்சியிருப்பேன்.”

வெண்டெலா காலண்டரை ஆணியிலிருந்து கழற்றினாள். “அதான் கொன்னேன்னு சொல்றா. அவ பொய் சொல்லல இங்வே. அவ மனசுக்கு அது நிஜம்.”

வக்கீலுக்குப் போன் போட்டாள். “காலண்டர் ஒண்ணு அனுப்பறேன். எல்னாகிட்ட போய் ஒரே ஒரு கேள்வி கேளு. ஏப்ரல் பதினாலு. வேற எதுவும் வேண்டாம்.”

“கேஸ் முடிஞ்சுதா?” என்றேன்.

“பாதி. எதனால மயங்கினான்? அது தெரியாத வரைக்கும் ஊருக்குக் காளான்தான். ஒரே மாத்திரையைக் கண் டாக்டர் அக்காவுக்குத் தர்றார், நெஞ்சு டாக்டர் தம்பிக்குத் தர்றார். தெக்லாவைக் கூட்டிட்டு வருவோம்.”

*

வேட்டைக் குடிசைக்குத் தெக்லா பதினொரு வருஷமாக வந்ததில்லை. படியில் தயங்கினாள். உள்ளே இருந்த மற்றவர்களை நான் வெளியேற்றியிருந்தேன். சிக்ஸ்டன் மட்டும் மேசையில் இருந்தான். அக்காவைப் பார்த்ததும் பாதி எழுந்தான், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

“ரெண்டு பேரும் அட்டையை மேசையில வைங்க,” என்றாள் வெண்டெலா.

வைத்தார்கள். ஒரே பெயர், ஒரே அளவு.

தெக்லா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. “சார்காய்டோசிஸ்,” என்றாள். “நோயோட பேரு. உடம்பைக் காக்கற அணுக்களே ஒண்ணுகூடி, சின்னச் சின்ன மணி மணியாக் கட்டிக்குமாம். எங்க கட்டும்னு முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒருத்தருக்கு நுரையீரல்ல, ஒருத்தருக்குத் தோல்ல, எனக்குக் கண்ணுல. நிறைய பேருக்கு அதுவா வந்து அதுவா போயிடும். சில பேருக்கு இதயத்துல உட்கார்ந்துடும்.”

“ஒரே திருடன்,” என்றாள் வெண்டெலா. “வீட்டுக்கு வீடு வேற ஜன்னல்.”

“அப்பவே டாக்டர் சொன்னார். கூடப் பிறந்தவங்களுக்கும் வர வாய்ப்பு கொஞ்சம் கூட, சொல்லி வை, எங்கேயாவது ஏதாவது தெரிஞ்சா உடனே பார்க்கச் சொல்லுன்னு. ஒன்பது வருஷம் ஆச்சு.” தெக்லா அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். “நான் சொல்லல. காட்டுச் சண்டை புதுசு. நான் ஏன் முதல்ல போன் பண்ணணும்னு இருந்துட்டேன். லெட்டர் எழுதினேன். தபால்ல போடல. திங்கட்கிழமை எகில் போயிட்டான்னு கேட்டதும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. எல்னா ஒண்ணும் பண்ணல. பண்ணினவ நான்.”

எங்களை வேலைக்கு வைத்தவளே தேடிய ஆள் என்று நினைத்தேன். இத்தோடு முடிந்தது என்றும் நினைத்தேன். வெண்டெலா மட்டும் சிக்ஸ்டனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ஆறு வருஷம்,” என்றான் சிக்ஸ்டன்.

தெக்லா திரும்பினாள். “என்ன ஆறு வருஷம்?”

“அதே பேருதான். நுரையீரல்ல. ஆலைத் தூசின்னு ஊருக்குச் சொன்னேன். சொல்லிச் சொல்லிக் கொஞ்ச நாள்ல நானே நம்பிட்டேன்.” இருமினான். “எங்க டாக்டரும் கேட்டார். கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களான்னு.”

“நீ என்ன சொன்னே?”

“யாரும் இல்லன்னு சொன்னேன்.”

அடுப்பில் கட்டை ஒன்று சரிந்தது. தெக்லா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சிக்ஸ்டன் அழவில்லை. மூன்று நாளாக எல்லோரையும்விட உரக்க எல்னாவைத் திட்டியவன் அவன்தான். எரிகிற தன் வீட்டை மறைக்க அடுத்த வீட்டைக் காட்டியிருக்கிறான். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

வெண்டெலா வெளியே போய்ப் பிரேதப் பரிசோதனை டாக்டருக்குப் போன் செய்துவிட்டு வந்தாள். “நோய்ப் பேரைச் சொன்னேன். குறிப்பை எடுத்துப் பார்த்தார். இதயச் சுவர்ல வெள்ளை வெள்ளையா திட்டு இருந்துச்சாம். என்னன்னு தெரியாம எடுத்து வச்சிருந்தாராம். எழுத்துல வர நாளாகும், ஆனா விஷத்தைத் தேட வேண்டாம்னுட்டார்.”

சிக்ஸ்டன் எழுந்து நின்றான். “போலீஸைக் கூப்பிடு.”

“எதுக்கு?”

“எங்களுக்குத்தான்.”

“சட்டத்துல இதுக்கு எழுத ஒண்ணுமில்ல, சிக்ஸ்டன்.”

“அப்ப எங்களை யாரும் பிடிச்சுட்டுப் போக மாட்டாங்களா?”

எத்தனையோ பேர் இந்தக் கேள்வியைப் பயத்தோடு கேட்டிருக்கிறார்கள். ஏமாற்றத்தோடு கேட்ட ஒருத்தனை அன்றுதான் பார்த்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்து வக்கீலின் போன் வந்தது. வெண்டெலா கேட்டுவிட்டு வைத்தாள். “ஏப்ரல் பதினாலுன்னதும் எல்னா எல்லாத்தையும் கொட்டிட்டா. பிரேதப் பரிசோதனை டாக்டரும் போலீஸ்கிட்ட பேசியிருக்கார். அவளை விட்டுட்டாங்க. ஆனா ஒரு மணி நேரமா ஸ்டேஷன் வாசல் பெஞ்ச்லயே உட்கார்ந்திருக்காளாம். யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேங்கறாளாம். நான்தான் கொன்னேன், நான் எங்க போகன்னு கேக்கறாளாம்.” அவள் இருவரையும் பார்த்தாள். “போலீஸ் விட்டாலும் அவ தன்னை விடல. அதை உடைக்க என்னால முடியாது. உங்க ரெண்டு பேராலதான் முடியும்.”

*

நகரத்துக்கு ஐம்பது நிமிஷம். பின்சீட்டில் அக்காவும் தம்பியும். நடுவே ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். வழி முழுக்க நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

எல்னா அந்தப் பெஞ்சில் கம்பளிச் சட்டையின் கையை இழுத்து விரல்களை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணி வெயில் கண்ணாடிக் கதவு வழியாக அவள் மடியில் விழுந்தது. எதிரே வந்து நின்ற நாத்தனாரையும் மைத்துனனையும் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபமோ ஆச்சரியமோ இல்லை.

தெக்லா சொன்னாள். சிக்ஸ்டன் சொன்னான். லெட்டரைத் தபாலில் போடாததை, கூடப் பிறந்தவர் யாரும் இல்லை என்றதை, காளான் என்று ஊரெல்லாம் கத்தியதை, ஒன்று விடாமல் சொன்னார்கள். எல்னா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

முடிந்ததும், “என் போன் நம்பர் மாறவே இல்லையே, தெக்லா,” என்றாள்.

தெக்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. “எல்னா, நானும் ஒண்ணு சொல்லணும். அந்தப் பரண்...”

“தெரியும்,” என்றாள். “எகில் சொல்லிட்டுத்தான் போவான். ‘பயப்படாதே, இங்வேகிட்ட மாத்திக்கறேன். அவன் எதையும் கேக்க மாட்டான்’னு.”

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். அதற்குப் பதில் நாலு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு நின்றிருப்பேன். வெண்டெலா என் பக்கம் திரும்பாமல் இருந்தாள். அது அவள் எனக்குச் செய்த தயவு.

எல்னா திடீரென்று சிக்ஸ்டனைப் பார்த்துக் கேட்டாள். “உனக்கு இதயத்தைப் பார்த்தாங்களா?”

“எனக்கா? எனக்கு நுரையீரல்ல மட்டும்தான்...”

“தெக்லா, உனக்கு?”

“எனக்குக் கண்ணு மட்டும்தான், எல்னா.”

“மட்டும்,” என்றாள் எல்னா. பெஞ்சின் கையைப் பிடித்து எழுந்து நின்றாள். “மூணு வருஷத்துக்கு முந்தி எகிலுக்கு முழங்காலுக்குக் கீழ சிவப்பு சிவப்பாக் கட்டி வந்துச்சு. நாங்களும் கால் மட்டும்தான்னு நினைச்சோம். ஒரு மாசத்துல மறைஞ்சும் போச்சு.”

சிக்ஸ்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் விடவில்லை. அவன் சட்டைக் கையைப் பிடித்தாள், இன்னொரு கையால் தெக்லாவைப் பிடித்தாள். “ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கு. இப்பவே போறோம். அங்க எது கேட்டாலும் உள்ளதைச் சொல்லணும். நீங்க மறைச்சா, பக்கத்துல நின்னு நான் சொல்லிடுவேன்.”

கதவைத் தோளால் தள்ளித் திறந்து, இருவரையும் இழுத்துக்கொண்டு அவள் வேகமாக முன்னால் நடந்தாள்.